புல்வெட்டியில் குடியேற்றம்

மே பதினோராம் தேதி
எங்கள் புல்வெட்டும் எந்திரத்தை
ஒரு வாலாட்டிக்குருவி எடுத்துக்கொண்டது.
கேட்கவில்லை.
சாம்பல் முதுகு, கறுப்புக் கழுத்துப்பட்டை,
ஜப்திக்கு வந்த அமீனாவின் நடை.

புல் விழும் பைக்குள்
போன வருடத்துச் சருகு,
அதன் மேல் என் கையுறையிலிருந்து உருவிய சிவப்பு நூல்,
அதன் மேல் முட்டைகள்.
ஐந்து. மிளகுப்பொடி தூவினாற்போல.

ஊர்மாஸ் கயிற்றை இழுக்கப் போனவர்
கையை எடுத்துக்கொண்டார்.
கொட்டகைக் கதவை இனிச் சாத்த முடியாது.
ஒரு செங்கல்லை அணைகொடுத்தோம்.

எனக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை.
ஐந்து மணிக்கு முடித்து
ஏரிக்கரை வழியே சைக்கிள் மிதித்து வந்தால்
வெயில் எனக்கு முன்பே வந்து
வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.
ஜனவரியில் இதே பாதையில்
சைக்கிளோடு இருட்டையும் சேர்த்துத் தள்ளினேன்.

திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன்.
சூறைக்குருவிக்குத் திரை ஒரு பொருட்டா?
ஒரு நாள் அது
ஊர்மாஸ் விசிலடிப்பதைப் போலவே அடித்தது,
சாவியை மறந்துவிட்டு வந்தால் அடிப்பாரே, அதே விசில்.
எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.
வாசலில் யாருமில்லை.
ஆப்பிள் மரம் மட்டும்
ராத்திரியோடு ராத்திரியாகப் பூத்து
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

புல் வளர்ந்தது.
முதலில் டேன்டிலியன்கள்.
சில்லறை சிதறினாற்போல என்று சொல்லலாம்,
ஆனால் இவ்வளவு சில்லறை
எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.
கம்பளி போர்த்திய ராணித்தேனீ ஒன்று,
என் கட்டைவிரல் பருமன்,
உட்கார்ந்தால் பூ தரைக்கு வந்துவிடும்.
எழுந்தால் பூவும் எழும்.
வேலைக்களைப்பில் நின்றபடியே இதை
அரைமணி நேரம் பார்த்திருக்கிறேன்,
கணுக்காலைக் கொசுவுக்குக் கொடுத்துவிட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஐத்தா.
நில அளவைத் துறையில் முப்பது வருடம்.
"பதினெட்டு சென்டிமீட்டர்" என்றார்,
காலை வணக்கத்துக்குப் பதிலாக.
மறுவாரம் "இருபத்தேழு."
அவருடைய புல்தரை
பில்லியர்ட்ஸ் மேஜையின் உறவுக்காரி.

நாங்கள் பயந்தது அவருக்கல்ல,
அவருடைய மீசுவுக்கு.
செங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாலை
வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப்போல.
உள்ளே அப்போதுதான்
ஐந்து வாய்கள் திறக்கப் பழகியிருந்தன.

போய்ச் சொன்னேன்.
ஐத்தா வேலியைத் தாண்டி வந்தார்,
கொட்டகைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பின்பு, "உங்கள் ருபார்ப் தண்டு முற்றுகிறதே,
பத்து எனக்கு வேண்டும்."
கொடுத்தோம்.
அன்றிலிருந்து மீசு வீட்டுக்குள்.
ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி
அந்தப் பூனை எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே,
அதற்குப் பத்துத் தண்டு போதாது.

ஆப்பிள் பூ இரண்டு நாள். மூன்றாம் நாள் காற்று.
பியோனி மொட்டுகள் மேல் எறும்புகள்
திறக்காத கடை முன்னால் போல உலாத்தின.
லைலாக் வந்தது.
ஐந்து இதழ்ப் பூ அகப்பட்டால்
தின்றுவிட வேண்டும், நல்லது நடக்கும் என்பார்கள் இங்கே.
வேலிப்பக்கக் கொத்துக்குள் ஐத்தா
தலையை நுழைத்துத் தேடுவதைப் பார்த்தேன்.
பார்க்காததுபோல உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் எட்டு. நான் தூங்கும்போது போயிருக்கின்றன.
பையில் சிவப்பு நூலும்
ஒரு பொரியாத முட்டையும்.
நான்கு என்று ஐத்தாவிடம் சொன்னேன்.
"நான்கு," என்றார்,
கணக்கில் எழுதிக்கொள்பவரைப்போல.

ஊர்மாஸ் கயிற்றை இழுத்தார்.
எந்திரம் இருமியது, சருகைக் கக்கியது, நின்றது.
புல் இடுப்புக்கு வந்திருந்தது.
அதற்குள் எங்கோ ஒரு வெட்டுக்கிளி
கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது.
"பெட்ரோல் இல்லை போல," என்றார்.

பெட்ரோல் இருந்தது.
நானும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.